வெட்டு பாஸின் வலது கை

றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருந்த தோட்டத்து லயத்தில், வரிசையின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் கந்தப்பன் குடியிருந்தான் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அங்கே குடியிருந்தது அவனுடைய வலது கை. கந்தப்பன் அந்தக் கைக்குத் துணையாகக் கூட இருந்தான், அவ்வளவுதான்.

அந்தக் கை விறகு பிளக்காது. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்காது. தேங்காய் துருவாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளையும் அது தூக்கியதில்லை. கொஞ்ச நாள் இடது கையால் தூக்கிப் பார்த்தான். அப்புறம் இடது கை ஆடினால் வலது கையும் ஆடும் என்று கண்டுபிடித்தான். இரண்டும் ஒரே உடம்பில்தானே ஒட்டியிருக்கின்றன என்று அவன் விளக்கியபோது, அவன் மனைவி அழகம்மா குழந்தையைத் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு கைகளுக்கும் விடுமுறை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வலது கைக்கு மட்டும் நல்லெண்ணெய் உண்டு. அழகம்மா சூடு காட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் தடவிவிடுவாள். கந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டு, அபிஷேகம் வாங்குகிற சாமி மாதிரி உட்கார்ந்திருப்பான்.

இத்தனை மரியாதைக்கும் காரணம் இருந்தது. பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவாக ஸ்டேசனுக்குக் கீழே ஒரு வேர்க்‌ஷொப் உண்டு. கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோர்களில் உடைகிற மெசின்கள் எல்லாம் அங்கேதான் வரும். கந்தப்பன் அங்கே இரும்பு வெட்டுகிறவன். சிலிண்டரிலிருந்து ரப்பர் குழாய் வழியாக வாயு வரும். கையில் பிடித்த டோர்ச்சின் மூக்கில் நீல நெருப்பாக எரியும். தகட்டின் விளிம்பு சிவந்ததும் விசையை அமுக்கினால் நெருப்பு இரும்பை அறுத்துக்கொண்டு போகும். கை ஒரு நூல் நடுங்கினால் வெட்டும் ஒரு நூல் கோணும். கந்தப்பன் வெட்டு கோணாது. அதனால்தான் ஊரில் அவனுக்கு வெட்டு பாஸ் என்று பெயர்; கைத்தொழில்காரனை அங்கே பாஸ் என்பார்கள்.

கோணாது என்றேனே, ஒரே ஒரு தடவை கோணியது. கலியாணமான புதிதில் ஒரு நாள் பாம்பு போன பாதையாக ஒரு தகட்டை வெட்டி வைத்துவிட்டான். வேர்க்‌ஷொப் பெரியவர் யேசுரட்ணம் அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டச் சொன்னார். கை கிடுகிடுவென்று ஆடியது. முந்தின நாள் மஸ்கெலியாவில் மைத்துனன் கலியாணத்தில் அவன் என்ன குடித்தான், எவ்வளவு குடித்தான் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு அவனும் பதில் சொல்லவில்லை. காலையில் விறகு பிளந்தேன் ஐயா என்று மட்டும் சொன்னான். அப்படியானால் இனிமேல் விறகு பிளக்காதே என்றார் அவர். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கந்தப்பன் அதை வீட்டில் வந்து சொன்னான். ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னான். சொல்லச் சொல்ல, கடைசியில் அவனே நம்பிவிட்டான். இதுதான் இந்தக் கதையில் உள்ள பெரிய சங்கடம். பொய்யென்று தெரிந்து சொல்கிறவனை ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் பிடித்துவிடலாம். நம்பிச் சொல்கிறவனை என்ன செய்வது?

அழகம்மா முறைக்கிற பெண் அல்ல. கருக்கலில் எழுந்து ரொட்டி சுட்டு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்து, பகல் முழுக்க மலையில் கொழுந்து எடுப்பாள். இறங்கும்போது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை, மிலாறு என்பார்களே, அதை ஒரு கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். வந்து தண்ணீர் தூக்குவாள், சவுக்குக் கட்டையைக் கோடரியால் பிளப்பாள். மற்றப் பெண்கள் கேட்டால், தன் வீட்டுக்காரர் கோடு போட்டால் மட்டப்பலகை வெட்கப்படும் என்பாள். அதில் அவளுக்கு உள்ளபடியே பெருமை இருந்தது. ஒரு கை நடுங்காமல் இருக்க இன்னொரு ஜோடிக் கை உழைக்கத்தான் வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த அறுபத்துமூன்றாம் வருசத்தில்தான் யேசுரட்ணம் ஒரு காலை கந்தப்பனைக் கூப்பிட்டு, கொழும்பிலிருந்து ரயிலில் வந்திறங்கிய ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அது ஓடுவதற்கு நாலு குட்டிச் சில்லு, வயிற்றில் மோட்டார், பக்கத்தில் நீட்டிய ஒரு கம்பி. கூடவே தண்டவாளம் போல ஒரு நீள இரும்பு. டோர்ச்சை அந்தக் கம்பியில் மாட்டி, பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்து, சுவிட்ச்சைப் போட்டால் அது தானாக ஊர்ந்துகொண்டே வெட்டும் என்றார். வேர்க்‌ஷொப்பில் அதற்கு அன்றைக்கே ஆமை என்று பெயர் விழுந்துவிட்டது.

“பயப்படாத கந்தப்பா, ஒன் வேல எங்கயும் போகாது. நீதான் இத ஓட்டப்போற. ஒரே வித்தியாசம், இனிமே கை நடுங்கினாலும் பரவாயில்ல” என்றார் யேசுரட்ணம்.

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பான். கந்தப்பன் லயம் இருந்த மேட்டைத் திரும்பிப் பார்த்தான். வேலை போகாது, சரி. கை நடுங்கினாலும் பரவாயில்லை என்கிற சொல் லயத்துக்கு ஏறிப் போனால் என்ன ஆகும்? கோடரி வரும். குடம் வரும். மிலாறுக் கட்டு வரும். ராஜாவாக இருந்த கை ஒரே நாளில் கூலியாகிவிடும்.

ஆகவே அவன் அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து, முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு, புது மெசின் ஒன்று வந்திருப்பதாகவும், பழைய டோர்ச்சைவிட அதற்குக் கை பத்து மடங்கு அசையாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னான். அழகம்மா பயந்துபோனாள். இனி என்ன செய்வது என்று கேட்டாள். கந்தப்பன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காலையில் ஒரு முட்டை சாப்பிட்டால் நரம்புக்கு நல்லது என்றான். அடை வைக்க எடுத்து வைத்திருந்த முட்டைகள் அடுத்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக அவன் வயிற்றில் பொரிந்தன.

வேர்க்‌ஷொப்பில் ஆமையோடு பழகுவது அவன் நினைத்ததைவிடக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கஷ்டம் வேறு மாதிரி. தண்டவாளத்தைத் தகட்டின் கோட்டுக்குச் சரியாக வைக்க வேண்டும், டோர்ச்சின் மூக்குக்கும் தகட்டுக்கும் இடைவெளி பார்க்க வேண்டும், தகட்டின் தடிப்புக்கு ஏற்ப வேகத்தைத் திருக வேண்டும். இதெல்லாம் அவனுக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. வராதது ஒன்றே ஒன்றுதான்: சும்மா நிற்பது. ஆமை ஊரத் தொடங்கியதும் கை தானாக நீண்டு அதன் முதுகைத் தொடும். கொஞ்சம் இந்தப் பக்கம் என்று லேசாகத் தட்டும். தட்டிய இடத்தில் எல்லாம் வெட்டில் ஒரு பல் விழும். யேசுரட்ணம் பக்கத்தில் நின்று, கையை எடு, கையை எடு என்று தொண்டை கட்டும் வரைக்கும் சொன்னார். கடைசியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். மலை பார்க்க வந்த தொரை மாதிரி கந்தப்பன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஆமை தன்பாட்டுக்கு ஊர்ந்து போய், கண்ணாடியில் கீறினதுபோல ஒரு வெட்டு வெட்டியது. அவனுக்கு அது பிடித்திருந்தது. அது பிடித்திருந்தது என்பதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

இதற்குள் ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு வேர்க்‌ஷொப்பில் சுத்தியல் முதல் லேத் மெசின் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. லயத்துச் சனமெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு இறங்கி வரும். யேசுரட்ணம் வேதக்காரர்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு முந்தி வேர்க்‌ஷொப்புக்கு வருகிறவர் யாரும் கிடையாது. சுண்டலுக்கு வேதம் ஏது என்பது அவர் கட்சி. அந்த வருசம் பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் ஆமையை ஓட்டிக் காட்டுவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

கந்தப்பன் இரண்டு நாளாகத் தூங்காமல் ஒரு யோசனை செய்து வைத்திருந்தான். ஆமை ஊரும்போது அதன் முதுகுக்கு மேலே, ஒட்டாமல், கையை விரித்துப் பிடித்துக்கொண்டே கூட நடப்பது. பார்க்கிறவர்களுக்குக் கைதான் அதை நடத்துகிறது என்று தோன்றும். வெட்டும் நேராக வரும். பாம்பும் சாகாது, கோலும் உடையாது.

புதுச் சில்லு எதுவானாலும் அதன் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் முதலில் ஓட்ட வேண்டும். தோட்டத்துக் கொழுந்து லொறிக்கு அப்படித்தான் செய்வார்கள். அழகம்மா அன்று மத்தியானம் வரைக்கும் கொழுந்து எடுத்து, மிலாறுக் கட்டை லயத்தில் இறக்கிவிட்டு, ஹட்டன் கடையில் தேடி வாங்கிய பெரிய பழம் ஒன்றோடு ஓடி வந்தாள். புருசனின் மெசினுக்கு அவள் கையாலேயே வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வைத்தாள். லொறிச் சில்லுக்கு எலுமிச்சம்பழம் ஒரு பொருட்டா? ஆமையின் சில்லே எலுமிச்சம்பழ அளவுதான் என்பதை அங்கே யாரும் யோசிக்கவில்லை.

கந்தப்பன் குளித்து, திருநீறு பூசி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு டோர்ச்சைப் பற்றவைத்தான். விளிம்பு சிவந்தது. சுவிட்ச்சைப் போட்டான். கையை விரித்துப் பிடித்தான். ஆமை உறுமியது, நடுங்கியது, இருந்த இடத்திலேயே இருந்தது. நெருப்பு தகட்டின் விளிம்பில் ஒரு பெரிய பொத்தலைப் போட்டது. கந்தப்பன் வாயுவை மூடினான். மூடும்போதே அவன் மனதுக்குள் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. தெய்வமே பார்த்துக் கொடுத்த சந்தர்ப்பம் இது.

கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மெசின் மெசின் என்று சொல்கிறார்கள், கை படாமல் இரும்பு அசையாது என்று சனத்துக்கு ஒரு சின்னப் பிரசங்கமே செய்தான். வலது கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தியும் காட்டினான். சனம் தலையாட்டியது. பக்கத்துக் காம்பராவில் இருந்த கவ்வாத்துக்காரன் சிவசாமிகூட ஆட்டினான்.

மற்றவர்கள் எல்லோரும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகம்மா மட்டும் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழம் நசுங்காமல் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாதே என்கிற கவலை அவளுக்கு. குனிந்து பார்த்தாள். சில்லுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் முழுசாகக் குந்தியிருந்தது. அதை எடுத்து முந்தானையில் துடைத்து, யேசுரட்ணத்திடம் நீட்டினாள்.

அவர் வாய் நிறையச் சுண்டலோடு சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டு, எடுத்த கையோடு சுவிட்ச்சையும் நீயே போட்டுவிடம்மா என்றார். கந்தப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் காதில் விழவில்லை. வேறு வழியில்லாமல் டோர்ச்சைப் பற்றவைத்து, விளிம்பு சிவக்கும் வரைக்கும் காத்திருந்து, தலையசைத்தான். அழகம்மா சுவிட்ச்சுக்கு விரலைக் கொண்டுபோனாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல். காலையிலிருந்து கூடை, அதற்கு மேல் மிலாறு. அந்த விரல் நடுங்கியது. நன்றாகவே நடுங்கியது. கந்தப்பன் அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தான்.

ஆமை ஊர்ந்தது. தகடு இரண்டாகி, கிணிங் என்று கீழே விழுந்தது. வெட்டு மட்டப்பலகை வைத்ததுபோல நேராக இருந்தது.

“பாத்தியாம்மா? இனிமே ஒன் புருசன் கை எப்படி ஆடினாலும் கவலையே இல்ல. மெசின் வந்த அன்னிக்கே சொல்லிட்டேனே. வீட்ல சொல்லலியா?” என்றார் யேசுரட்ணம்.

அழகம்மா கந்தப்பனைப் பார்த்தாள். கந்தப்பன் சிலிண்டரைப் பார்த்தான்.

“சொன்னாருங்க ஐயா. முட்டை கேட்டாரு” என்றாள் அழகம்மா.

அவள் வீட்டில் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் கந்தப்பன் சமாளித்திருப்பான். வாய்ச் சண்டையில் அவன் தோற்றவனில்லை. அவள் கோடரியைக் கொண்டுவந்து வாசல் நிலையில் சாய்த்து வைத்தாள். அதன் பக்கத்தில் குடத்தை வைத்தாள். பிறகு அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். கந்தப்பன் கோடரியைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான். இரண்டில் குடம் சாதுவாகத் தெரிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பீலிக்கு நடந்தான். லயம் முழுக்க இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. சிவசாமி மட்டும் அக்கறையாக, பாஸ், கை பத்திரம் என்றான்.

அடுத்த நாள் கோடரி. அதற்கடுத்த நாள் இரண்டும். சவுக்குக் கட்டை அவனைக் கேலி செய்தது. அடித்த கோடரியை விடாமல் கவ்விக்கொண்டது. உள்ளங்கை கொப்பளித்தது. நல்லெண்ணெய் நின்றுபோனது. ஆமை அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது. கந்தப்பன் முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளில் கொப்புளங்களைத் தடவிக்கொண்டு, என்றைக்காவது ஒரு நாள் ஆமை மல்லாந்து விழும், அன்றைக்கு இந்தக் கையின் அருமை தெரியும் என்று காத்திருந்தான்.

அந்த நாளும் வந்தது. ஐப்பசி மழையில் வேர்க்‌ஷொப் கூரை ஒழுகி, ஆமையின் மோட்டாருக்குள் தண்ணீர் போய்விட்டது. அதே காலையில் ஒரு ஸ்டோரில் தேயிலை காய வைக்கிற டிரையரின் பக்கத் தகடு வெடித்துக்கொண்டது. அரைத்த கொழுந்து காத்திருக்காது, புளித்துப் போகும். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான தகடு ஒன்றை உடனே வெட்டியாக வேண்டும். யேசுரட்ணம் மூலையில் கிடந்த கை டோர்ச்சை எடுத்துத் தூசி தட்டிக் கந்தப்பனிடம் நீட்டினார்.

கந்தப்பனுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அன்று காலையில்தான் அவன் இரண்டு சவுக்குக் கட்டைகளைப் பிளந்து, மூன்று நடை தண்ணீர் தூக்கிவிட்டு வந்திருந்தான். இந்தக் கையால் வெட்டினால் கட்டாயம் கோணும். கோணினால் யேசுரட்ணம் கேட்பார். கேட்டால் விறகு பிளந்தேன் ஐயா என்பான். அது லயத்துக்கு ஏறும். கோடரி உள்ளே போகும், எண்ணெய் வெளியே வரும். வேண்டுமென்று கோணலாக வெட்ட அவனுக்கு மனம் வராது, அவனும் தொழில்காரன்தான். ஆகவே கையை அதன் இஷ்டத்துக்கு விடுவது என்று தீர்மானித்தான். கோணலாகப் போ ராசா என்று அதற்கு மனதுக்குள் அனுமதியும் கொடுத்தான்.

நெருப்பு பிடித்தது. விளிம்பு சிவந்தது. கை நகர்ந்தது. கந்தப்பன் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டே இருந்தான். கை கோணவில்லை. பாதித் தகடு வந்துவிட்டது, கோணவில்லை. இப்போதாவது, இப்போதாவது என்று பார்த்தான். கடைசி விளிம்பு வரைக்கும், எண்ணெய் இல்லாமல், முட்டை இல்லாமல், கொப்புளத்தோடு அந்தக் கை அசையாமல் போய்ச் சேர்ந்தது. யேசுரட்ணம் தண்ணீர் ஊற்றி ஆற்றி, வெட்டின் மேல் பெருவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆமை கெட்டுப்போனது நல்லதுதான் போலிருக்கிறது என்றார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகோ மகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் ஓடியிருந்தது. விறகும் தண்ணீரும் இந்தக் கையை ஒரு நாளும் ஒன்றும் செய்திருக்காது. மஸ்கெலியாக் கலியாணத்துச் சாராயம் ஒரே ஒரு நாள் செய்தது. மற்றபடி இத்தனை காலமும் அழகம்மா தூக்கியதெல்லாம் சும்மா தூக்கியது. கந்தப்பனுக்கு முகம் சுட்டது. நெருப்புக்கு முன்னால் நின்றவன்தானே என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவனுக்கு வெட்கம், வேறொன்றும் இல்லை.

வெட்டியதில் மிஞ்சிய துண்டை ரொட்டி சுடுவதற்கு ஆகும் என்று யேசுரட்ணம் கொடுத்தனுப்பினார். மாலையில் அழகம்மா அதை வாங்கி, அடுப்பு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலை விளிம்பில் ஓட்டினாள்.

“மெசின் வெட்டினதா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னால் போதும். அவள் மேற்கொண்டு கேட்கப் போவதில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் தகட்டைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“இல்ல. மெசின் கெட்டுப்போச்சு. கையாலதான் வெட்டினேன்” என்றான் கந்தப்பன்.

“காலையில கட்டை பொளந்த கையா?”

“அதே கைதான்.”

அழகம்மா வாசலில் அடுக்கியிருந்த விறகைப் பார்த்தாள். நிரம்பியிருந்த குடங்களைப் பார்த்தாள். தகட்டை அடுப்பில் வைத்து, தட்டி வைத்திருந்த ரொட்டியை அதன் மேல் போட்டாள். கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டு, வரப்போவது எதுவானாலும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தான். வந்தது அவளுடைய வலது கை. முழங்கை வரைக்கும் சேலையை ஒதுக்கிக்கொண்டு, அவன் மடிக்கு நேராக நீட்டினாள்.

“இதுக்குக் கொஞ்சம் எண்ணெ தடவி விடுங்க.”

எண்ணெய்க் குப்பி எங்கே இருக்கிறது என்று அவன் தேட வேண்டியிருக்கவில்லை. அது எப்போதும்போல அவன் தலைமாட்டில்தான் இருந்தது. எடுத்து வந்து, சூடு காட்டி, முழங்கையிலிருந்து தொடங்கினான். எவ்வளவு அமுக்க வேண்டும் என்று தெரியவில்லை. இத்தனை காலம் கண்ணை மூடிக்கொண்டே இருந்துவிட்டானே. அழகம்மா கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ரொட்டி தீய்கிற வாசம் வந்தது. அவன் எழப் போனான்.

“ஒக்காருங்க. தடவிக்கிட்டே திருப்பிப் போடுங்க. எடது கை சும்மாதானே இருக்கு” என்றாள்.

கந்தப்பன் இடது கையால் ரொட்டியைத் திருப்பிப் போட்டான். வலது கை ஆடவில்லை.